நிந்தவூரிலிருந்து அக்கரைக்கு

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையிற் சாய்ந்தமருதையும் காரைதீவையும் கடந்தால் நிந்தவூரை அடைகிறோம். கிழக்கே வங்கக் கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். இவ்விரண்டுக்கும் நடுவே தென்னைகளும் பள்ளிவாசல்களும் நெருக்கமான வீதிகளுமாக ஊர் நீண்டு கிடக்கிறது. தமிழைத் தாய்மொழியாகவும் இஸ்லாத்தைச் சமயமாகவும் கொண்ட இவ்வூரார்க்கு உழவும் மீன்பிடியும் வாணிபமும் பழைய தொழில்கள். கடல் கடந்து அரபு நாடுகளிற் பொருளீட்டுதல் அண்மைக் காலத்திற் சேர்ந்த தொழில். ஆதலின் விதைநெல், வலை என்னுஞ் சொற்களைப் போலவே 'விசா' என்னுஞ் சொல்லும் இங்கே வீட்டுச் சொல்லாகிவிட்டது.

இச்சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'பார்க்கப்பட்டது' என்பது இதன் பொருள். பிரயாணியின் பத்திரத்தை எமது அதிகாரி பார்த்து உடன்பட்டார் என்று மற்றொரு நாடு இடும் அடையாளமே விசா. இஃது ஆதிகாலந்தொட்டு உள்ள வழக்கமென எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. முதலாம் உலகப் போரின் பின்னர், 1920 ஆம் ஆண்டு பாரிஸ் நகரிற் கூடிய மகாநாடே கடவுச்சீட்டுக்கு இன்றுள்ள புத்தக வடிவத்தை வகுக்க வழிசெய்தது. நமது கடலிலோ இவ்வழக்கம் இன்னும் பிந்தியே வந்தது.

நிந்தவூருக்கு அயலூராகிய காரைதீவில் 1892 இற் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். 1922 இல் துறவு நெறியை நாடி அவர் சென்னைக்குச் சென்றார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராயினார். அப்பிரயாணங்களுக்கு இந்திய விசா என ஒன்று வேண்டியிருக்கவில்லை. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடியது. இருபுறமும் புகையிரதம் காத்து நின்றது. கொழும்பிலே வாங்கிய சீட்டுடன் சென்னையில் இறங்கலாம். அந்நாளில் அதிகாரிகள் அஞ்சியது அந்நியரையன்று, கொள்ளைநோயையே. இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த ஏழைத் தொழிலாளர் மண்டபம் முகாமில் நாட்கணக்காகத் தடுத்து வைக்கப்பட்டனர். கீழ்த்திசையிலிருந்து ஹஜ் யாத்திரை சென்ற கப்பல்களும் செங்கடலிலுள்ள கமரான் தீவில் நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டன.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டிலே குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் நிறைவேறியது. 1949 நவம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அன்றுதொட்டு அக்கரை பிறநாடாயிற்று. கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளிவாசல் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் அமைந்தது. ஆண்டுதோறும் அங்கே கொடியேற்றம் நிகழ்கிறது. ஒரே பெரியாரின் நினைவால் இணைந்த இரு கரைகளுக்கிடையே சட்டம் ஒரு வாசலை வைத்து, அதற்கு ஒரு காவலையும் வைத்தது.

1964 டிசம்பரிற் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து பின்னரும் ஓடிய கப்பல் உள்நாட்டுப் போரினால் 1980களில் நின்றது. 2015 ஏப்ரல் முதல் இலங்கையர் இந்திய விசாவை இணையத்தின் மூலமாகப் பெறலாமாயிற்று. நாகூருக்கு அருகிலுள்ள நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரிற் கப்பல் மீண்டும் வந்தது. ஆயினும் பழைய நாட்களைப் போலக் கப்பற் சீட்டு மட்டும் போதாது.

இனி, பிரயாணஞ் செய்வோர் பிரித்தறிய வேண்டியவை மூன்று. கடவுச்சீட்டு நமது அரசாங்கம் தருவது; நாம் இன்ன நாட்டவர் என்பதற்குச் சான்று. விசா மற்ற நாடு தருவது. எந்த நோக்கத்துக்கு, எத்தனை நாளுக்கு வரலாமென்பதைக் கூறுவது. மூன்றாவது, இறங்குதுறையில் அதிகாரி அளிக்கும் நுழைவு அனுமதி. விசா பெற்றவரையும் அவர் திருப்பியனுப்பக் கூடும். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமேனும் செல்லுபடியாதல் வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. திரும்பும் பிரயாணச் சீட்டையும் செலவுப் பணத்தையும் காட்டும்படி கேட்பதுமுண்டு. ஹஜ் செல்வோர்க்கு அதற்கென்றே தனி விசாவும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் இன்றியமையாதன. சிங்கப்பூர் போன்ற சில நாடுகள் இலங்கைச் சுற்றுலாப் பிரயாணிகளிடம் முன்கூட்டி விசா கேட்பதில்லை. ஆனால், அங்கே வேலை செய்ய அவ்விலக்கு உதவாது.

இவ்விடத்திலேதான் நமது குடும்பங்கள் ஏமாறுகின்றன. வேலைக்கென்று புறப்படும் இளைஞனின் கையிலே சில தரகர்கள் வருகை விசாவைக் கொடுத்து, "அங்கே போனபின் மாற்றிக் கொள்ளலாம்" என்று ஆறுதல் கூறி அனுப்புகின்றனர். நகையை அடகு வைத்துப் பணங்கட்டிய பெற்றோர் விசா கிடைத்ததென்று மகிழ்கின்றனர்; அஃது எவ்வகை விசா என்று பார்ப்பதில்லை. தவணை முடிந்தபின் அவ்விளைஞன் சட்டத்துக்குப் புறம்பானவனாகிறான். கூலி கொடாத முதலாளிமேல் முறையிட அஞ்சுவான். தண்டப்பணத்துக்கும் சிறைக்கும் அஞ்சுவான். தாய் நோயுற்றாலும் ஊர் திரும்ப வழியறியாது கலங்குவான். வெளிநாடு செல்லும் தொழிலாளரின் நலங்காக்க 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உண்டு. தொழில் விசாவுடன் அங்கே முறையாகப் பதிவுசெய்து சென்றவனுக்கு இடர் வந்தபோது கேட்பதற்கு ஓர் இடமிருக்கிறது; மற்றவனுக்கு அந்த வழியும் அடைபட்டுப் போகிறது.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நிந்தவூருக்கு அண்மையில் இருக்கிறது. ஊரிலும் அயலிலும் கல்விச்சாலைகள் பல உள. மாணவர்களே, வளைகுடா நாடுகளின் விசாக்கள் அரபிலும் ஆங்கிலத்திலும் எழுதப்படுவன; உங்கள் தந்தையர் பலருக்கு அவற்றை வாசித்தல் எளிதன்று. அண்ணனோ மாமனோ புறப்படுமுன் அந்தத் தாளைக் கையில் வாங்குங்கள். பெயரும் பிறந்த திகதியும் கடவுச்சீட்டோடு ஒத்திருக்கின்றனவா, விசாவின் வகை யாது, தவணை எத்தனை நாள் என்று பார்த்துச் சொல்லுங்கள். பணம் கைமாறுமுன்னரே இதைச் செய்தல் நன்று. பள்ளியிற் கற்ற ஆங்கிலம் ஒரு குடும்பத்தின் வயலையும் வீட்டையும் காப்பதற்கு இதனினும் உற்ற சமயம் வேறில்லை.