முத்தியால்பேட்டைக் குளத்தில் ஏறிய உப்பு

கொல்லைக் கதவைத் திறந்ததும் டீச்சரம்மா முதலில் காட்டியது மீன்களை அல்ல, குளத்தின் விளிம்பில் படிந்திருந்த வெள்ளைக் கோட்டை. "வெந்நீர் போடுற பாத்திரத்துல படியுமே, அதே சுண்ணாம்புதான் தம்பி" என்றார்.

எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டடி ஆழம். 2,200 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். அல்லி, கப்பி, ஐந்தாறு கோல்ட்ஃபிஷ். தண்ணீர் வீட்டு போரில் இருந்து. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கடல் கூப்பிடு தூரம். நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச உப்புநீர் உள்ளே வருகிறது. நல்ல தண்ணீருக்கு இந்த ஊர் அலைந்தது இன்று நேற்றல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே முத்திரையர்பாளையத்தில் இருந்துதான் வெள்ளை நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாகக் கட்டியதுதான் பாரதி பூங்காவில் இருக்கும் ஆயி மண்டபம்.

கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை போர் தண்ணீரில் விட்டார்: லிட்டருக்கு 900 மில்லிகிராம். குளத்தில் விட்டார்: 1,300. "மே மாசம் 1,750 காட்டிச்சு."

ஒரே தண்ணீர், எப்படி இரட்டிப்பானது? வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். குறைந்ததை ஈடுகட்ட கோடையில் தினமும் இரண்டு வாளி ஊற்றியிருக்கிறார், சுமார் 30 லிட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டரை மாதத்தில் ஒரு குளம் அளவு தண்ணீர் ஆவியாகி, இன்னொரு குளத்து உப்பு உள்ளே சேர்ந்துவிடும். தினமும் புதுத் தண்ணீர் ஊற்றுகிறோம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். உண்மையில் உப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

மணி நான்கு. சோதனைக் குழாயில் குளத்து நீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டார். நிறம் மாறியது: பி.எச். 8.8. அவரது நோட்டில் அதே நாள் காலை ஆறு மணிக்கு 7.6. பகலில் பாசியும் செடியும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் பி.எச். ஏறுகிறது, இரவில் எல்லாமே மூச்சு விடுவதால் இறங்குகிறது. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று தீனி போட்டுவிடாதீர்கள். ஆக்சிஜன் குறைவாக இருக்கும் நேரம் அது.

ஏறுகிற பி.எச். இன்னொரு வகையில் ஆபத்து. மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து வரும் அம்மோனியாவில் நஞ்சான பகுதி, 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 இருந்தால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 9-ஐத் தொட்டால் நாற்பதைத் தாண்டும். காலையில் தாங்கிய மீன் அதே அம்மோனியாவில் பிற்பகல் சாகலாம். பி.எச்.-ஐக் குறைக்க ஒரு கடையில் கொடுத்த திரவத்தை ஊற்றிப் பார்த்தாராம். இரண்டே நாளில் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. ஏறாமல் என்ன செய்யும்? இந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், அந்தத் திரவத்தின் அமிலத்தை விழுங்கிவிடுகிறது. காசுக்குத்தான் கேடு.

அம்மோனியாவைத் தின்பது மூலையில் உடைந்த செங்கல் நிரப்பி வைத்திருக்கும் ஃபில்டரில் வாழும் பாக்டீரியா. முதல் வகை அதை நைட்ரைட் ஆக்குகிறது, அடுத்தது நைட்ரேட் ஆக்குகிறது. அந்த நைட்ரேட்டை அல்லி எடுத்துக்கொள்ளும். செங்கல்லைக் குளத்துத் தண்ணீரிலேயே அலசுகிறார். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் பாக்டீரியா செத்துப்போகும்.

இப்போது வாரம் ஒருமுறை ஐந்து அங்குலம் தண்ணீரை இறைத்துத் தென்னைக்கு விட்டுவிட்டுத்தான் நிரப்புகிறார். 1,750 இறங்கிய ரகசியம் அவ்வளவுதான். ஐப்பசி மழையை மாடியில் இருந்து குழாய் போட்டுக் குளத்துக்கு இறக்கவும் திட்டம். மழைநீரில் உப்பு அநேகமாக இல்லை; ஆனால் பி.எச்.-ஐத் தாங்கிப் பிடிக்கும் பைகார்பனேட்டும் இல்லை. அதனால் ஒரே நாளில் குளத்தை முழுக்க மாற்றிவிடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தெளிவாகத் தெரிகிறதே என்று தண்ணீரை நம்பவும் வேண்டாம். மருந்து வாங்கும் முன் ஒரு மீட்டர் வாங்குங்கள். ஊற்றும் முன் இறையுங்கள்.