பெயர் எழுதாத சித்திரங்கள்

நாம் குடியிருக்கும் பூன் லே வட்டாரம் ஒரு மனிதருடைய பெயரால் வழங்குவது. சியூ பூன் லே என்ற சீன வணிகர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பக்கத்தில் பெருநிலம் உடையவராயிருந்தார். அவர் 1933இல் காலமானார். இன்று ஊருக்கும், வீதிக்கும், ரயில் நிலையத்துக்கும் அவர் பெயரே நிற்கிறது. அந்நிலத்தில் காடு வெட்டினவர் யார், பால்மரம் வெட்டினவர் யார் என்று கேட்டால் பதில் சொல்வாரில்லை. நிலத்தை உடையவன் பெயர் ஊருக்கு ஆவதும், நிலத்தைத் திருத்தினவன் பெயர் அவனோடு மறைவதும் உலக வழக்கமாகிவிட்டன. இவ்வழக்கம் சித்திரக் கலையிலும் உண்டென்பதை நாம் முதுமையில்தான் கண்டோம். அதையும், அதனால் நமக்கு நேர்ந்த வெட்கத்தையும் வாசகர்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

நம் பேரன் சிறுவனாயிருந்த காலத்தில் அவனுக்குப் பறவைகளின் மேல் அளவற்ற பிரியம். ஜூரோங் பறவைப் பூங்கா அப்பொழுது நம் வீட்டுக்கு அருகில் இருந்தது. 1971இல் திறக்கப்பட்ட அப்பூங்கா 2023இல் மூடப்பட்டு, பறவைகள் மண்டாய்க்குக் கொண்டுபோகப்பட்டன. விடுமுறை நாட்களில் அவனை அங்கே அழைத்துச் செல்வோம். மற்ற நாட்களில் கால்வாய் ஓரத்தில் உடும்பையும் கொக்கையும் காட்டுவோம். 2011ஆம் ஆண்டில், தேசிய அரும்பொருளகத்தில் பழைய மிருகச் சித்திரங்களுக்கென்று ஒரு கூடம் திறந்திருப்பதாகக் கேள்வியுற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் புறப்பட்டோம்.

அங்கே வைத்திருந்தவை வில்லியம் பார்குவார் துரையின் சித்திரத் தொகுதியைச் சேர்ந்தவை. இத்துரை 1803 முதல் 1818 வரை மலாக்காவை நிர்வகித்தவர். 1819 முதல் 1823 வரை சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்டாக இருந்தவர். மலாய் நாட்டுக் காடுகளிலும் கடலிலும் உள்ள மிருகம், பறவை, மீன், பாம்பு, செடி, கனி ஆகியவற்றை இவர் சித்திரமாக எழுதுவித்தார். அவை மொத்தம் 477. அழுங்கு உண்டு, முள்ளம்பன்றி உண்டு, துரியானும் மங்குஸ்தானும் உண்டு, முன்பாதி கறுப்பும் நடுவுடல் வெளுப்புமாக, தெனுக் என்று மலாய்க்காரர் அழைக்கும் தாபிர் மிருகமும் உண்டு. பலவற்றின் மலாய்ப் பெயர் ஜாவி எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மிருகத்தின் உரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிய, பாறையும் புல்லும் சீன முறையில் நிற்க, ஐரோப்பியக் காகிதத்தின்மேல் தீட்டப்பட்ட அவற்றை வாய் திறவாமல் பார்த்து நின்றோம்.

இச்சித்திரங்கள் எவ்வாறு உண்டாயின? சித்திரக்காரன் காட்டுக்குள் போய் மரத்தடியில் உட்கார்ந்து எழுதினான் என்று நினைத்தல் தவறு. காட்டு மிருகம் எழுதுகோலுக்காக நிற்பதில்லை. ஆகவே முதலில் வேட்டைக்காரன் போக வேண்டும். கண்ணி வைக்கிறவன், வலை வீசுகிறவன், தூண்டில் போடுகிறவன், மரமேறிக் கனி பறிக்கிறவன் ஆகிய இத்தனை பேரும் முன்னே உழைத்தால்தான் பின்னே ஒரு சித்திரம் உண்டாகும். மீனானால் இன்னும் அவசரம். தண்ணீரை விட்டு வெளியே வந்தவுடன் அதன் நிறம் மங்கத் தொடங்கும். வலைஞன் ஓடி வராவிட்டால் சித்திரக்காரன் வெளிறிய மீனையே எழுதுவான். கொன்றும் பிடித்தும் எழுதினார்கள் என்று இன்று சிலர் முகம் சுளிக்கலாம். தூரத்துப் பறவையைப் படம்பிடிக்கும் கருவிகள் இல்லாத காலம் அது. நமக்குப் பக்கத்துச் சுவா சூ காங்கில் 1930ஆம் ஆண்டிலேகூட ஒரு புலி சுடப்பட்டதென்றால், அதற்கு நூறாண்டுக்கு முன் இத்தீவும் மலாக்காவும் எத்தகைய காடாயிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வேலையைக் கண்ணால் கண்டு எழுதினவர் நமக்கு அந்நியரல்லர். நாகூரில் தங்கி மணம் புரிந்த ஓர் அரபியரின் வழியில் மலாக்காவில் பிறந்து, தமிழும் கற்றவர் முன்ஷி அப்துல்லா. 1849இல் வெளியான தம் வரலாற்று நூலில், ராபிள்ஸ் துரை மலாக்காவில் தங்கியிருந்தபோது பூச்சி, சிப்பி, செடி, மிருகம் முதலியவற்றைச் சேகரிக்க ஆட்களை ஏவியதையும், மக்காவிலிருந்து வந்த ஒரு சீனர் பூவையும் கனியையும் உயிருள்ளவைபோல எழுதியதையும் அவர் சொல்லுகிறார். ராபிள்ஸ் துரை பின்னர் சேர்த்துவைத்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சித்திரங்கள் 1824இல் பேம் என்னும் கப்பல் தீப்பற்றியபோது கடலோடு போயின. பார்குவாருடையவை தப்பின. அவர் அவற்றை லண்டனிலுள்ள ராயல் ஆசியச் சங்கத்துக்கு அளித்தார். அங்கே நெடுங்காலம் கிடந்தன.

நாம் இவ்வளவும் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கையில் பேரன் ஒரு கேள்வி கேட்டான்.

"தாத்தா, இதை வரைந்தவர் யார்?"

பலகையைப் பார்த்தோம். துரையின் பெயர் இருந்தது. மிருகத்தின் பெயர் இருந்தது. சித்திரக்காரர்கள் சீனர்கள் என்று கருதப்படுகிறது; அவர்களுடைய பெயர்கள் தெரியவில்லை. அழுங்கைப் பிடித்து வந்தவனைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை.

எங்கும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. வேட்டையில் மிகப் பிரியமுள்ள ஜஹாங்கீர் பாதுஷா, தம் சித்திரக்காரர் மன்சூருக்குக் காலத்தின் அதிசயம் என்ற பொருள்படும் பட்டம் அளித்துத் தம் நூலிலும் அவரைப் போற்றி எழுதினார். கல்கத்தாவில் பிரதம நீதிபதியின் மனைவியான மேரி இம்பே அம்மையார் 1777 முதல் 1782 வரையில் பறவை மிருகங்களை எழுதுவித்தபோது, பாட்னாவிலிருந்து வந்த ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூவர் பெயரும் சித்திரங்களிலேயே குறிக்கப்பட்டன. ஆகவே மனமிருந்தால் எழுதியிருக்கலாம். எழுதுவதற்கு வேண்டியது ஒரு வரி இடமே.

துரையைக் குறை சொல்லிக்கொண்டே கூடத்தின் வாயிலுக்கு வந்தோம். அங்கே கூடத்தின் பெயரைப் பார்த்தோம்: கோ செங் சூ காட்சிக்கூடம். 1993இல் லண்டன் ஏலத்துக்கு வந்த இத்தொகுதியைச் சிங்கப்பூரின் பங்குத் தரகர் கோ கியோக் கிம் முப்பது லட்சம் வெள்ளிக்கு வாங்கி, தம் தந்தையாரின் நினைவாக அரும்பொருளகத்துக்கு வழங்கினார். அத்தந்தையின் பெயர்தான் வாயிலில் இருந்தது. அதைப் படித்ததும் துரையின்மேல் இருந்த கோபம் நம்மை விட்டுப் போயிற்று. நம்மை நாமே நோக்க நேர்ந்தது.

நிற்க. நம் தகப்பனார் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கோடு நிரையில் இறங்கி, மங்கு மங்காகப் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு வருவார். கஞ்சி குடித்ததும் தூண்டிலோடு ஆற்றுக்குப் போய்விடுவார். பன்றிக்குக் கண்ணி வைக்கவும், மண்ணில் தடம் பார்க்கவும் அவரைப்போல் அறிந்தவர் அத்தோட்டத்தில் இல்லை. துரை வேட்டைக்குப் போகும் நாட்களில் முன்னே நடப்பவர் அவரே. பங்களாச் சுவரில் மாட்டியிருந்த மான்தலையின் கீழே துரையின் பெயர் இருந்தது.

இரவில், மண்ணெண்ணெய் விளக்கடியில், கிராணியார் கழித்துப்போட்ட பழைய செக்ரோல் தாள்களின் பின்புறத்தில் அன்று கண்டவற்றை வரைவார். பென்சிலும் அடுப்புக் கரியுமே அவருக்குக் கருவிகள். மீன்கொத்திக்கு அம்மாவின் சலவை நீலத்தைக் குழைத்துத் தீட்டுவார். மஞ்சள் வேண்டுமானால் அரைத்த மஞ்சளே உதவும். பிடித்த விராலை வாளித் தண்ணீரில் நீந்தவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே கோடு இழுப்பார். "உயிரோடு இருக்கும்போதே பார்த்துக்கொள், அப்பா. செத்த மீனுக்கு நிறம் கிடையாது" என்று நமக்குச் சொல்லுவார். பிறகு அது குழம்புக்குப் போகும்.

அவர் காலமான பின்பு, 1978இல் நமக்குப் பூன் லேயில் வீடு கிடைத்தது. நாம் அப்பொழுது ஒரு கம்பெனியில் குமாஸ்தா; வெள்ளைச் சட்டையும் பவுண்டன் பேனாவும் உடையவர். சாமான்களைக் கட்டும்போது அத்தாள்கள் ஒரு பெரிய கட்டாக இருந்தன. ஒரு பக்கத்தில் பறவையும் மறுபக்கத்தில் ஆள்கணக்கும் கூலிக்கணக்குமாக இருந்த அவற்றை யாராவது புரட்டினால், இவன் தோட்டத்துக் கூலியின் மகன் என்று அறிந்துகொள்வார்களே என்று கூசினோம். காராங்கூனிக்காரரை அழைத்துப் பழைய பத்திரிகைகளோடு எடை போட்டுக் கொடுத்துவிட்டோம். கிடைத்தது ஒரு வெள்ளியும் சில காசுகளும். ஒரு மகன் தந்தையின் பெயருக்காக முப்பது லட்சம் கொடுத்தார். நாமோ தந்தையின் கையெழுத்தை ஒழித்துக் காசு வாங்கினோம். இதற்கு எந்தத் துரையும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.

கூலி வேலை இழிவென்று பிறர் சொல்வதைக் கண்டித்துப் பேசுகிறோம். ஆனால் நம் வீட்டுக்குள்ளேயே அதை இழிவென்று நினைக்கிறோம். உழைத்தவர்களின் பெயர் மறைவதற்கு உடையவர்களின் அலட்சியம் பாதிக் காரணமென்றால், உழைத்தவர்களின் பிள்ளைகள் கொள்ளும் வெட்கம் மறுபாதிக் காரணமாகும். மலாக்காவிலிருந்த அச்சீனருக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்களும் நம்மைப்போலவே இருந்தார்களோ, யார் கண்டது?

அன்று மாலை வீடு திரும்பியதும் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடியில் விரித்திருந்த ஒரு தாள் மட்டும் நினைவிலிருந்தது. எடுத்துப் புரட்டினோம். மூலைகளைக் கறையான் தின்றிருந்தும் நடுவில் விரால் ஒன்று வளைந்து நின்றது. செதில்களின் நிழல் சற்றும் அழியவில்லை. பேரன் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இதிலும் பெயர் இல்லையே" என்றான்.

பென்சிலை அவன் கையில் கொடுத்தோம். நாம் சொல்லச் சொல்ல, தாளின் கீழே தகப்பனாரின் பெயரைத் தமிழில் எழுதி, அதன் அடியில் 'பால்மரம் வெட்டினவர்' என்றும் எழுதினான். அத்தாள் இப்பொழுது கண்ணாடியிட்டு நம் கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் படிக்கிறார்கள்.

அப்பெயரை நாம் இங்கே அச்சிடவில்லை. தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஏதேனும் ஒரு தாளோ, ஒரு மரச்செதுக்கோ, கையால் முடைந்த ஒரு மீன்கூடையோ இருக்கக் கூடும். இன்றே எடுத்துப் பாருங்கள். செய்தவர் இருந்தால் அவரையே கேட்டும், இல்லையேல் அறிந்தவரைக் கேட்டும், பெயரையும் தொழிலையும் அதன்மேல் எழுதி வையுங்கள்.