எரியாத விளக்கு

சனத்தொகைக் கணக்கெடுக்க வந்த உத்தியோகத்தரிடம், "இந்த வீட்டில் நாங்கள் ஐந்து பேர்" என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற என் மகள், "ஜீப்பை விட்டுவிட்டீர்களே, அப்பா!" என்றாள். வந்தவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆயினும் பிள்ளை சொன்னதை வெறும் விளையாட்டென்று தள்ளிவிட இயலாது. எங்கள் ஐவரின் வைத்தியச் செலவை ஒரு தட்டிலும், அந்த ஆறாவது அங்கத்தவரின் செலவை மறுதட்டிலும் வைத்தால் தராசு எப்பக்கம் தாழும் என்பதை என் வங்கிப் புத்தகம் அறியும்.

நான் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். எழுவாய், பயனிலை என்றால் விளங்கும். மின்சாரத்தின் நேர், எதிர் என்றால் தலை சுற்றும். இத்தகைய ஒருவனுக்கு ஜீப் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். என் மனைவியின் பிறந்தகம் நமுனுகுல மலைச் சரிவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டம். பதுளையிலிருந்து பசறை வீதி வழியே சென்று, பின்னர் தோட்டத்துப் பாதையில் ஏற வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் சிறிய காரின் வயிறு கல்லில் உரசும். ஆகவே 2018ஆம் ஆண்டு, ஜப்பானில் ஒருவரும் கொழும்பில் ஒருவரும் ஓட்டித் தீர்த்த ஜீப் ஒன்றை வங்கிக் கடனில் வாங்கினோம். பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். என் தாயார் சிறிய பிள்ளையார் ஒருவரைக் கொண்டுவந்து, முன்னால் இடப்பக்க ஆசனத்துக்கு நேர் எதிரே, மொழுமொழுவென்று இருந்த மேற்பரப்பில் பசை போட்டு ஒட்டினார். வண்டியைச் செய்தவன் அவ்விடத்தை ஏன் வெறுமையாக விட்டிருக்கிறான் என்று அன்று எங்களில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

சில காலம் நன்றாக ஓடியது. பின்னர் நோய்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் பற்றரி இறங்கியது, புதிது வாங்கினோம், அதுவும் சில மாதங்களில் இறங்கியது. பனிமூட்டம் சூழ்ந்த ஒரு மாலையில் முன்விளக்குகள் இரண்டும் மாவிளக்குப் போல் மங்கி, எங்களை ஹாலிஎலயிலிருந்து வீடு வரை ஊர்ந்து வரச் செய்தன. அடுத்ததாக ஒரு பியூஸ் எரியத் தொடங்கியது. புதியது போடுவார்கள், மறுவாரம் மீண்டும் எரியும். ஒரு கராஜில், "இனி இது எரியவே எரியாது, சேர்" என்று உறுதி கூறினார்கள். சொன்னபடியே எரியவில்லை. எத்துணைக் கெட்டிக்காரர்கள் என்று வியந்தேன்.

விற்றுவிட்டு வேறு வாங்கலாமே என்றால், 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2025 பெப்ரவரியிலேதான் சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை மலையேறியது. என்னைப் போன்றவர்கள், வாய்த்த வண்டியோடு காலந்தள்ளுவதே விதி என்று இருந்துவிட்டோம்.

இந்நிலையில் ஹோர்ன் சதி செய்யத் தொடங்கியது. நேரே செல்கையில் நன்றாக ஒலிக்கும். ஸ்டியரிங்கை இடப்பக்கம் நன்றாகத் திருப்பினால் ஊமையாகிவிடும். சமவெளியில் வாழ்பவர்களுக்கு இது சிறு குறையாகத் தோன்றலாம். ஊவா மலைப்பாதையை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. ஒரு புறம் மலை, மறு புறம் பள்ளம். வளைவின் அப்பால் வருவது பஸ்ஸா, லொறியா, வெறும் காற்றா என்று கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஹோர்னே நமக்குக் கண். எங்கள் வண்டியோ வளைவுக்கு வெளியே வாயாடியாகவும் வளைவுக்குள்ளே மௌனியாகவும் இருந்தது.

2023 மார்கழி விடுமுறையில் தோட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். இடப்பக்க வளைவு ஒன்றில் ஹோர்னை அழுத்தினேன், ஒலி எழவில்லை. அக்கணமே எதிரே பஸ் ஒன்றின் முகம் கண்ணாடி நிறையத் தெரிந்தது. பஸ் சாரதியும் பிரேக்கை மிதித்தார், நானும் மிதித்தேன். இரு வண்டிகளுக்கும் இடையே ஒரு சாண் வெளி எஞ்சியது. முன்னாசனத்தில் இருந்த என் தாயார் "முருகா" என்று ஒரு சொல் மட்டும் சொன்னார். வீடு வந்து சேரும் வரை வண்டிக்குள் வேறு பேச்சில்லை.

மறுநாளே வேறொரு கராஜுக்குப் போனேன். அவர்கள் ஹோர்னுக்கெனத் தனியாக ஒரு சுவிட்சைப் பொருத்தித் தந்தார்கள். எப்பக்கம் திருப்பினாலும் ஒலித்தது. சில வாரங்களாக என் முன்னே சிவப்பாக எரிந்துகொண்டிருந்த ஒரு சிறு விளக்கைப் பற்றியும் கேட்டேன். ஆசனத்தில் அமர்ந்த மனிதர் ஒருவரும், அவர் முன்னே ஓர் உருண்டையும் கொண்ட சின்னம் அது; என் மகள் அதற்குப் "பந்து மாமா" என்று பெயரிட்டிருந்தாள். "அது சும்மா எரிகிறது, சேர். இனித் தொந்தரவு தராது" என்றார்கள். உண்மையிலேயே தரவில்லை. பந்து மாமா மறைந்தார். நான் மகிழ்ச்சியோடு பணம் கொடுத்துவிட்டு வந்தேன். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்த மகிழ்ச்சியிலேயே என் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திரிந்தேன்.

2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்ற பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பதினைந்து பேர் உயிரிழந்தனர். அதற்கு முன், 2021 மார்ச்சில் பசறைப் பக்கம் நிகழ்ந்த பஸ் விபத்தின் துயரமே எங்கள் ஊரில் இன்னும் ஆறியிருக்கவில்லை. செய்தி வந்த மறுநாள் என் மனைவி, "என்னங்க, நம்ம வண்டியை ஒருமுறை அடி முதல் நுனி வரை பார்க்கச் சொல்லுங்க. அது முடியும் வரை அம்மா வீட்டுக்குப் பஸ்ஸிலேயே போகலாம்" என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே எனக்கு மறுக்க வாய் வரவில்லை.

ஹாலிஎலப் பக்கம் என் பழைய மாணவர் ஒருவர் வாகன மின்வேலை செய்வதாக அறிந்து அவரிடம் சென்றேன். தோட்டத்துப் பிள்ளை, கொழும்பிலும் பின்னர் கட்டாரிலும் தொழில் பழகி வந்தவர். அவர் வண்டியைத் திறக்கவில்லை. கருவி எதையும் எடுக்கவில்லை. சாவியைப் பாதி திருப்பி, முன்பலகையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், எயார் பேக் விளக்கு எரியவில்லையே."

"எரியவில்லை என்றால் நல்லதுதானே, தம்பி?"

"இல்லை, சேர். சாவியைத் திருப்பியதும் அது சில வினாடி எரிந்து பிறகு அணைய வேண்டும். எரிந்து அணைந்தால் சுகம். எரிந்துகொண்டே இருந்தால் நோய். எரியவே இல்லை என்றால், யாரோ நோயாளியின் வாயைக் கட்டிவிட்டார்கள்."

மாலைக்குள் எல்லாம் வெளியாயிற்று. ஸ்டியரிங் வளையத்தின் அடியில், கடிகார வில்லைப் போல் சுருண்ட தட்டையான வயர் நாடா ஒன்று உண்டாம். ஹோர்னுக்கும், சாரதியின் முன்னுள்ள காற்றுப்பைக்கும் மின்சாரம் செல்லும் வழி அதுவே. அந்த நாடா முறிந்திருந்தது. ஹோர்ன் ஊமையானதும் சிவப்பு விளக்கு எரிந்ததும் ஒரே நோயின் இரு குறிகள். முன்னைய கராஜார் ஹோர்னுக்கு மாற்று வழி செய்துவிட்டு, விளக்கைக் கழற்றி எறிந்திருந்தார்கள். விபத்து நேர்ந்திருந்தால் காற்றுப்பை விரிந்திருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. 'இனி எரியவே எரியாது' என்ற பியூஸின் இரகசியமும் வெளிப்பட்டது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பி ஒன்று முறுக்கி வைக்கப்பட்டிருந்தது. எலி கடித்த வயர் ஒன்று வண்டியின் உடலைத் தொட்டுக்கொண்டிருந்ததே பியூஸ் எரிந்ததற்கும் பற்றரி இறங்கியதற்கும் காரணம். பியூஸ் தான் உருகி வயரைக் காப்பது. செப்புக் கம்பி உருகாது, வயரே தீப்பற்றும். நாங்கள் நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு பசறை மலை ஏறியிருக்கிறோம்.

அவர் கடைசியாகப் பிள்ளையாரைச் சுட்டிக் காட்டினார். "இந்த மூடிக்குக் கீழேதான் இன்னொரு காற்றுப்பை இருக்கிறது, சேர். விரிந்தால் சாமி நேரே அம்மாவின் முகத்துக்கு வருவார்." என் தாயார் இரண்டு முறை 'சிவசிவா' என்றார்.

அத்தோடு முடியவில்லை. வண்டியின் சட்டக இலக்கத்தை அவர் தமது கைபேசியில் தட்டிப் பார்த்தார். ஜப்பானின் தக்காத்தா நிறுவனம் செய்த காற்றுப்பைகளைப் பற்றி வாசகர்களிற் சிலர் கேள்விப்பட்டிருப்பர். பையை ஊதச் செய்யும் அமோனியம் நைத்திரேற்று, வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் ஆண்டுக் கணக்கில் சிதைந்து, விரியும் வேளையில் உலோகக் கூட்டையே வெடித்துச் சிதறச் செய்தது. உயிர்காக்க வந்த பையிலிருந்து இரும்புத் துண்டுகள் பாய்ந்து, உலகெங்கும் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உலகம் முழுவதும் சுமார் 10 கோடி காற்றுப்பைகள் மாற்றப்பட வேண்டியவை எனக் கணக்கிடப்பட்டது. 2017இல் அந்த நிறுவனமே வங்குரோத்து அடைந்தது. எங்கள் வண்டியின் இலக்கமும் அந்தப் பட்டியலில் இருந்தது. திரும்பக் கொண்டுவருமாறு எழுதிய கடிதம் ஜப்பானில் இருந்த முதற் சொந்தக்காரரின் விலாசத்துக்குப் போயிருக்கும். பதுளைக்கு அது எப்படி வரும்? பழைய ஜப்பானிய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தாமே இலக்கத்தைக் கொடுத்துத் தேடிப் பார்ப்பதுதான் வழி. நாங்கள் கொழும்பிலுள்ள முகவர் நிலையத்தில் நாள் பதிவு செய்தோம். கட்டணமின்றி மாற்றித் தந்தார்கள்.

சிறு மின்கோளாறு என்று நாம் அலட்சியம் செய்வது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2014இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 26 இலட்சம் கார்களை மீள அழைத்தது. சாவி போடும் சுவிட்ச் தளர்ந்திருந்தது. ஓடும்போதே சாவி தானே திரும்பி, இயந்திரம் நின்று, காற்றுப்பையும் செயலற்றுப் போயிற்று. 124 மரணங்களுக்கு நட்டஈடு வழங்க நேர்ந்தது. அந்தக் குறையை நிறுவனத்துக்குள் சிலர் பத்தாண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தார்கள்.

பதுளைக்கு 1924இல் ரயில் வந்தது. அந்தக் காலத்துக் கைகாட்டி மரத்தைச் செய்தவனின் அறிவை நான் இப்போது வியக்கிறேன். அதை இயக்கும் கம்பி அறுந்துபோனால், கை தானாகவே 'நில்' என்ற நிலைக்கு வந்துவிடும். குறை நேர்ந்தால் ஓடாதே என்பது அந்த மரத்துக்குத் தெரியும். திருக்குறளில் பொச்சாவாமை அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கும் எனக்கு அது தெரியவில்லை. அளவு கடந்த சினத்தைவிட, மகிழ்ச்சியினால் வரும் மறதி தீயது என்று மாணவருக்கு விளக்கிவிட்டு, விளக்கைக் கழற்றியவருக்கு மகிழ்ச்சியோடு கூலி கொடுத்தவன் நான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, நெடுநாளாக மறந்திருந்த ஒன்று என் நினைவுக்கு வந்தது. பத்தாம் வகுப்பில் இவர் என் பாடவேளையில் உறங்கி விழுவார். இரண்டு முறை கண்டித்தேன். மூன்றாம் முறை பின் வாங்குக்கு அனுப்பினேன். அதன்பின் அவர் உறங்கியது என் கண்ணில் படவில்லை. குறை தீர்ந்தது என்று இருந்துவிட்டேன். சாதாரண தரப் பரீட்சையில் அவர் தமிழில் தவறினார்.

"தம்பி, அப்போது ஏன் அப்படி உறங்குவாய்?" என்று கேட்டேன்.

"காலை நான்கு மணிக்கு எழுந்து பீலியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு ஐந்து மைல் நடக்க வேண்டும், சேர். பின் வாங்கில் நன்றாகத் தூங்கினேன்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குறை கூறும் எண்ணம் சிறிதும் இல்லை. எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிள்ளையார் இப்போது எங்கள் வீட்டுச் சாமி அறையில் இருக்கிறார். "அவருக்கென்ன, வளைவுக்கு வளைவு வீதியோரத்தில் அவர்தானே உட்கார்ந்திருக்கிறார்" என்று என் தாயார் தம்மைத் தேற்றிக்கொண்டார். ஆசனங்களுக்கு அடியிலுள்ள வயர்களை எலி தொட்டிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை குனிந்து பார்ப்பது என் மகனின் பொறுப்பு. வகுப்பில் எவரேனும் உறங்கினால், பாடவேளை முடிந்ததும் அவர் பக்கத்தில் போய் அமர்ந்து காரணம் கேட்பது என் பொறுப்பு.

காலையில் வண்டியை எடுக்கும்போது நான் சாவியைப் பாதி திருப்பிவிட்டுக் காத்திருப்பேன். பந்து மாமா சிவப்பாக விழிப்பார். பின்னாசனத்திலிருந்து என் மகள் எண்ணத் தொடங்குவாள்: "ஒன்று, இரண்டு, மூன்று..." ஆறு என்னும்போது விளக்கு அணையும்.

"மாமா சுகமாக இருக்கிறார். போகலாம், அப்பா" என்பாள்.