நின்று நின்று எழுந்த கணிப்பொறி

மலருக்கு இலக்கியக் கட்டுரை ஒன்று தருமாறு எங்கள் துறைத்தலைவர் அவர்கள் பணித்தார்கள். சிற்றிலக்கிய வகை ஒன்றைப் பற்றி எழுதித் தந்திருக்கலாம். அத்தகைய கட்டுரைகள் இரண்டு மூன்று என் மேசை அறையில் ஆயத்தமாகவே இருக்கின்றன. ஆயினும் என் மனத்தில் நெடுநாளாகக் கிடந்து உறுத்தும் செய்தி வேறு. அது ஒரு கணிப்பொறியைப் பற்றியது. அதனினும், அதனை எனக்குச் செய்து தந்த மாணவர் ஒருவரைப் பற்றியது. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. படிக்கும்போது அவரே தம்மை அறிந்துகொள்வார்.

கடற்கரை ஊர்களில் படகுத் தொழில் சார்ந்து வழங்கும் சொற்களைப் பல்லாண்டுகளாகத் தாள் துண்டுகளில் குறித்து வந்தேன். அவை நான்கு செருப்புப் பெட்டிகள் நிறைய இருந்தன. அவற்றை அகர வரிசைப்படுத்தத் தக்க கணிப்பொறி ஒன்று வேண்டும் என்று 2023ஆம் ஆண்டில் முடிவு செய்தேன். எங்கள் துறையில் இளங்கலை இரண்டாமாண்டு பயின்ற அம்மாணவர், "கடையில் முழுதாக வாங்க வேண்டாம் ஐயா, உறுப்புகளை வாங்கினால் நானே பொருத்தித் தருகிறேன்" என்றார். சென்னை ரிச்சி தெருவுக்கு இருவரும் சென்றோம். மதர்போர்டு, ரைசன் 5 ப்ராசஸர், எட்டு ஜிபி ரேம் இரண்டு, எஸ்எஸ்டி ஆகியவற்றை அவர் பேரம் பேசி வாங்கினார். இறுதியில் எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கிப் பெட்டிக்கு மூவாயிரம் ரூபாய் என்றார்கள். 2011இல் வாங்கிய என் பழைய கணிப்பொறியில் அப்படி ஒரு பெட்டி நன்றாகவே இருக்கிறதே என்றேன். "அது பழையது ஐயா, புதிது போட்டுவிடுவோம்" என்று இரண்டு முறை சொன்னார். நான் கேட்கவில்லை. சேமித்த மூவாயிரம் ரூபாயை எண்ணி அன்று மகிழ்ந்தே வீடு திரும்பினேன்.

மூன்று வாரங்கள் குறையின்றி ஓடிய கணிப்பொறி, ஒருநாள் மாலை நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கையில் திடீரென இருண்டு, பின் தானாகவே உயிர்பெற்று எழுந்தது. மறுநாள் இருமுறை, அதற்கடுத்த இரு நாள்கள் ஒன்றுமில்லை, பிறகு மீண்டும். தொடர்ந்து வரும் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம். விட்டுவிட்டு வரும் பழுது, விருந்தினர் முன் வாலைச் சுருட்டிக்கொள்ளும் குறும்புக்காரப் பிள்ளையைப் போன்றது. ஓரிரவு இரண்டு மணி நேர உழைப்பு சேமிக்கப்படாமலே போயிற்று. மறுநாள் காலை ஆசிரியர் அறையில், மூன்று பேராசிரியர்கள் முன்னிலையில் அம்மாணவரை அழைத்து, "தெரியாத வேலையில் ஏன் தம்பி கை வைத்தாய்?" என்று கேட்டேன். அவர் தலை குனிந்து நின்றார். பழைய பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அதன்பின் அவரை அழைக்க எனக்கு முகமில்லை. கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றேன். அங்கே விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவி, எண்ணூறு ரூபாய் பெற்றுக்கொண்டு, நாள் முழுதும் ஓடியது, பழுது ஒன்றுமில்லை என்று திருப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று மாலையே அது நின்று எழுந்தது.

எம்.ஃபில். பட்டத்துக்காகச் சுவடிகளை ஒப்புநோக்கிய பழக்கம் எனக்கு உண்டு. பாடவேறுபாடு கண்டால் ஊகித்துத் திருத்தாமல், படி படியாக எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாறே இதனையும் பார்க்கத் தொடங்கினேன். விண்டோஸில் நிகழ்வுக் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதில் 'கெர்னல் பவர் 41' என்ற குறிப்பு பதிவாகியிருந்தது. கொலையாளியைப் பிடித்துவிட்டோம் என்று முதலில் எண்ணினேன். ஆனால் முறையாக நிறுத்தப்படாமல் கணிப்பொறி மீண்டும் தொடங்கியது என்பதற்கு மேல் அக்குறிப்பு எதையும் சொல்வதில்லை. பிணத்தைக் கண்டவர் சாட்சியேயன்றிக் கொலையைக் கண்டவர் சாட்சியன்று அது.

மென்பொருள் பழுதானால் நீலத்திரை தோன்ற வேண்டும்; தானாக மறுதொடக்கம் செய்யும் அமைப்பு இயங்கினால் அத்திரை கண்ணில் படாமலே போகக்கூடும். அந்த அமைப்பை நீக்கினேன். நீலத்திரை தோன்றவில்லை, கணிப்பொறி முன்போலவே நின்று எழுந்தது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை பென்டிரைவில் ஏற்றி இரவு முழுதும் ஓடவிட்டேன்; விடியலில் பிழை சுழியம் என்றது. ப்ராசஸரின் வெப்பம் அறுபது பாகையைச் சற்றே கடந்திருந்தது, அஞ்சத்தக்க அளவன்று. இத்தனையும் செய்த பின் நான் அறிந்தது, எவை காரணமல்ல என்பது மட்டுமே.

அப்போதுதான் உம்மா வாய் திறந்தார்கள். "வாப்பா, நீ மாடியிலே சத்தம் போடுற நேரமெல்லாம் நான் கீழே மோட்டார் போட்ட நேரமால்ல இருக்கு!"

நான் நம்பவில்லை. எனினும் குறிப்பேடு ஒன்றில், கணிப்பொறி நின்ற நேரத்தை நானும், மோட்டார் போட்ட நேரத்தை உம்மாவும் பதினொரு நாள் குறித்துவந்தோம். மொத்தம் பதினான்கு முறை நின்றது. அவற்றுள் ஒன்பது, உம்மா சுவிட்சைப் போட்ட அதே நிமிடம். மற்றவை தானாகவே இயங்கி நிற்கும் குளிர்பதனப் பெட்டியின் வேலையாக இருக்கலாம். கடையில் பழுது ஏன் தோன்றவில்லை என்பதும் அன்று விளங்கிற்று. கடையில் எங்கள் வீட்டு மோட்டார் இல்லை!

இனி ஐயத்துக்கு இடமிருந்தது ஒரே உறுப்பில்தான். அதனைத் தேர்ந்தெடுத்தவன் நான். மாணவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "வருகிறேன் ஐயா" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை.

தம் வீட்டுக் கணிப்பொறியின் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் பையில் கொண்டுவந்திருந்தார். முதலில் பழைய பெட்டியுடனேயே சோதிப்போம் என்றார். அவர் மாடியில், உம்மா கீழே சுவிட்சருகில், நான் இருவருக்கும் இடையே படிக்கட்டில். "போடுங்கள்" என்று அவர் சொல்ல, நான் உரக்கச் சொல்ல, உம்மா போட்டார்கள். மாடி விளக்கு ஒரு கணம் மங்கித் தெளிந்தது. இடைவெளி விட்டு ஆறுமுறை போட்டதில் மூன்று முறை கணிப்பொறி நின்று எழுந்தது. அவர் கொண்டுவந்த பெட்டியை மாட்டினார். விளக்கு முன்போலவே மங்கியது. ஆறுமுறையும் கணிப்பொறி அசையவில்லை. நான் ஆர்ப்பரித்துவிட்டேன். அவரோ, "இருங்கள் ஐயா" என்று மீண்டும் பழையதை மாட்டினார். இரண்டாம் முறையே நின்றது. அதன் பிறகே அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புநோக்குவதில் என் மாணவர் என்னினும் கண்டிப்பானவர்.

காரணத்தையும் விளக்கினார். மோட்டார் புறப்படும் கணத்தில், ஓடும்போது கொள்வதைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். வீட்டு மின்னழுத்தம் சற்றே சரியும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸின் மின்தேக்கிகள் தம்மிடமுள்ள சேமிப்பைக் கொண்டு அந்தச் சிறு பொழுதைத் தாங்கிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் கிடந்த மின்தேக்கிகளில் உள்ள திரவம் வற்றிப்போக, அத்தாங்குதிறன் குன்றும். மின்சாரம் சீராக உள்ளது என்று மதர்போர்டுக்கு எஸ்எம்பிஎஸ் இடைவிடாது சொல்லிக்கொண்டிருக்கும் குறிப்பு ஒன்று உண்டு. அது கணப்பொழுது அற்றாலும் கணிப்பொறி தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். மீட்டரை வைத்து அளந்தபோது பன்னிரண்டு வோல்ட் கம்பியில் 11.8 காட்டியது. ஐந்து விழுக்காடு ஏற்றத்தாழ்வு, அதாவது 11.4 வரை, ஏற்கத்தக்கதே. அந்தக் கணநேரச் சரிவைக் காட்டும் விரைவு சாதாரண மீட்டருக்கு இல்லையாம். பெட்டியைத் திறந்து பார்ப்போமா என்றேன். கூடவே கூடாது என்றார். செருகியைப் பிடுங்கிய பின்னும் உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

மறுநாள் ஆசிரியர் அறையில் அதே மூவர் இருக்கும் நேரம் பார்த்து அவரை அழைத்தேன். அவர் இருமுறை எச்சரித்ததையும், மூவாயிரம் ரூபாய்க்காக நான் மறுத்ததையும், அறியாமல் அவரைப் பழித்ததையும் சொன்னேன். அன்று ஏன் தம்பி நீ சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் கோபமாக இருந்தீர்கள் ஐயா" என்றார். இருபத்தோராண்டு ஆசிரியப் பணியில் என்னிடம் இப்படி வாய் மூடி நின்றவர்கள் எத்தனை பேரோ என்ற எண்ணம் அன்றிரவு உறங்கவிடவில்லை.

புதிய பெட்டி பொருத்தியபின் கணிப்பொறி ஒருமுறையும் தானாக நிற்கவில்லை. செருப்புப் பெட்டிகளுள் மூன்று காலியாகிவிட்டன. விடைபெறும்போது அவர் உம்மாவிடம், "அந்த மோட்டாரிலும் ஒரு கெபாசிட்டர் இருக்கும்மா, அதையும் எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். பார்த்தோம், அதுவும் நலிந்துதான் இருந்தது. மாற்றிய பிறகு மாடி விளக்கு முன்போல் மங்குவதில்லை. அந்த வேலையை மட்டும் உம்மா என்னிடம் ஒப்படைக்கவில்லை. தாமே ஆளை அழைத்து முடித்துவிட்டார்கள்.