ஒகேனக்கல்: நீர்மட்டம் திறந்துவிடும் வழி

தை மாதம், காலை 6 மணி. பென்னாகரம் சாலை

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். பென்னாகரம் வரை மேட்டுநிலம். அதைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்குகிறது. இந்த இறக்கத்தைக் கவனிக்காதவருக்கு ஒகேனக்கல் வெறும் அருவியாகவே தெரியும். அதியமான் ஆண்ட தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, ஆற்றங்கரையில் அமைந்த தலைநகர் அல்ல. மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் காவிரி ஓடினாலும், பள்ளத்தில் ஓடுகிறது. மேட்டு வயலுக்கு அந்த நீர் தானாக ஏறி வராது. காவிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஏரியையும் கிணற்றையும் பின்னாளில் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பி வாழ்ந்த மாவட்டம் இது.

காலை 7 மணி. ஆற்றங்கரை

எதிர்க்கரை கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம். மாநில எல்லை ஆற்றோடு ஒட்டியே ஓடுகிறது. மேலே, காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில், மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. இரு மாநிலங்களுக்கும் இடையிலான கணக்கு அங்கேதான் எழுதப்படுகிறது. கர்நாடகம் தமிழகத்துக்கு விட வேண்டிய நீரை 2007இல் காவிரி நடுவர் மன்றம் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்று வைத்ததை, உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. வழக்கின் எண்கள் இவை. ஒகேனக்கல்லில் பேசப்படும் எண் வேறு: “இன்னைக்கு எத்தனை ஆயிரம் கன அடி?” பரிசல் ஓட்டி, மீன் கடைக்காரர், எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி என எல்லோருடைய அன்றைய வருமானமும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

காலை 8.30 மணி. பிரதான அருவி, தொங்கு பாலம்

ஒற்றை அருவியைத் தேடி வருபவர் இங்கே குழம்பிப்போவார். அகன்று வரும் ஆறு பாறைக்கூட்டத்தில் மோதிப் பல கால்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே விழுகிறது. பிரதான அருவி, சினி அருவி, ஐந்தருவி என்று இடத்துக்கு இடம் பெயர். வீழ்ச்சியின் உயரம் 20 மீட்டர் வரை இருக்கும். குளிப்பவர்கள் கூடுவது பிரதான அருவியில். தொங்கு பாலமும் பார்வைக் கோபுரமும் பார்ப்பவர்களுக்கு. பாலத்தின் மேல் நின்றால்தான் ஆறு இத்தனை கிளைகளாகப் பிரிவதன் ஒழுங்கு பிடிபடும்: கடினமான பாறை நின்றுவிட, விரிசல் கண்ட இடங்களை நீர் அரித்து வழியாக்கிக்கொண்டிருக்கிறது.

ஒகேனக்கல் வட்டாரத்துப் பாறைகளுக்குப் புவியியலாளர்களிடையே தனி மதிப்பு உண்டு. எரிமலைக் குழம்பிலிருந்து உருவாகும் சுண்ணாம்பு வகைப் பாறையான கார்பனடைட் இங்கே காணப்படுகிறது. இதன் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டிருக்கிறது. உலகில் அறியப்பட்ட கார்பனடைட்டுகளில் மிகத் தொன்மையானவற்றுள் இதுவும் ஒன்று. இதைச் சொல்லும் தெளிவான பலகை ஒன்று அருவிக்கு அருகே வேண்டும். 1992இல் வந்த ‘ரோஜா’ படத்தின் பாடல் இங்கே எடுக்கப்பட்டதை எல்லோரும் சொல்கிறார்கள். பாறையைப் பற்றிச் சொல்ல ஆளில்லை.

தை மாதத்தில் இவ்வளவும் நடந்தே பார்க்கலாம். ஆடி, ஆவணியில் அப்படியல்ல. கர்நாடக அணைகள் நிரம்பித் திறக்கப்பட்டால் செம்மண் நிற வெள்ளம் பாறைகளை மூடிவிடும். அருவிகளே அடையாளம் தெரியாமல் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். 2018 ஆகஸ்டில் வரத்து வினாடிக்கு 2 லட்சம் கன அடியைத் தொட்டது. அத்தகைய நாட்களில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. ஆடிப்பெருக்குக்கு வரும் கூட்டமும் சில ஆண்டுகளில் கரையோடு நின்று கும்பிட்டுத் திரும்புகிறது.

முற்பகல் 11 மணி. பரிசல் துறை

பிளந்த மூங்கிலை வட்டமாகப் பின்னி, அடியில் தண்ணீர் புகாதபடி உறை போர்த்திச் செய்வது பரிசல். முன்பு தோல், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்றும் கிடையாது. ஓட்டி ஒற்றைத் துடுப்பைப் பக்கவாட்டில் வலித்துத் திசை பிடிக்கிறார். சுழலும் இடத்தில் எதிர்த்துப் போராடாமல் பரிசலைச் சுழலவிட்டு, வெளியேறும் கணத்தில் மட்டும் அழுத்திப் போடுகிறார். இந்தக் கைத்திறன்தான் ஒகேனக்கல்லின் உண்மையான காட்சி. நீரில் போக முடியாத பாறைப் பகுதியில் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் சுமந்து நடப்பதைப் பார்த்தால், ஆமை ஓடு ஒன்று எழுந்து நடப்பதுபோல் இருக்கும். இருபுறமும் செங்குத்தாக எழும் பாறைச் சுவர்களுக்கு இடையில், அருவிகளைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கப் பரிசல் ஒன்றே வழி. உயிர்காப்பு மேலங்கி கட்டாயம். அதைக் கழற்றிவிட்டுப் படம் எடுப்பது ஆபத்து.

பிற்பகல் 1 மணி. மீன் கடைகள்

கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி. வாங்கிய மீனை அங்கேயே அலசி, மிளகாய்த்தூள் பிசறி, வறுத்தோ குழம்பு வைத்தோ கொடுக்கும் பெண்கள் கரையோரம் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்.

பிற்பகல் 3 மணி. முதலைகள் மறுவாழ்வு மையம்

வனத்துறையின் இம்மையத்தில் சதுப்புநில முதலைகள் பராமரிக்கப்படுகின்றன. அதே இனம் காவிரியிலும் வாழ்கிறது. தடை செய்யப்பட்ட இடங்களில் இறங்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாலை 4.30 மணி. குடிநீர்த் திட்ட வளாகம்

சுற்றுலாப் பட்டியல்களில் இந்த இடம் வருவதில்லை, வர வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். கடினப் பாறையில் நெடுநாள் தங்கும் நீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போகச் சிக்கலும் கூடியது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். அளவு மேலும் கூடினால் எலும்பும் மூட்டும் விறைத்து, முதுகு வளையும். இரண்டு தலைமுறைக் குழந்தைகளின் பற்களில் இந்த மாவட்டம் அதைக் கண்டிருக்கிறது.

2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானியக் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம், 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. ஆற்றில் எடுத்த நீரைச் சுத்திகரித்து, காலையில் இறங்கிவந்த அதே சரிவில் படிப்படியாகப் பம்ப் செய்து மேலே ஏற்றுகிறார்கள். அங்கிருந்து குழாய்கள் இரு மாவட்டங்களின் ஊர்களுக்கும் பிரிந்து போகின்றன. அருவியில் விழும் மீதி நீர் பாறை இடுக்கு வழியே மேட்டூர் அணையை நோக்கிப் போகிறது.