வீட்டில் அவளுக்கும் ஒரு மொழி வேண்டும்

அனுமந்தன்பட்டியில் எங்கள் சொந்தத்தில் காது கேளாத பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். விடுதியிலிருந்து லீவுக்கு வந்தால் வீட்டார் அவளோடு பேசுவது மூன்றே விஷயம்தான்: வா, சாப்பிடு, தூங்கு. தாத்தா ஏன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அம்மா எதற்கு அழுதாள், இந்த வருஷம் திராட்சை ஏன் விலை போகவில்லை என்று யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. சொல்வதற்கு வீட்டில் மொழி இல்லை. எனக்கு இது மிகவும் வலிக்கிறது.

காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். அதனால் சைகை மொழியைத் தேடிப் போக வேண்டியவர்கள் பெரியவர்கள்தான்.

“சைகை பழகினால் பேச்சு வராது” என்று இன்னும் பயமுறுத்துகிறார்கள். 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு பள்ளிகளில் வாய்ப்பேச்சே போதும் என்று தீர்மானித்தது. அந்த முடிவை 2010இல் வான்கூவர் மாநாடு வருத்தத்தோடு நிராகரித்தது. அந்தப் பயம் மட்டும் நம் ஊரில் போகவில்லை. கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்திய பிள்ளைக்கும் குளிக்கும்போது, தூங்கப் போகும்போது கருவியின் வெளிப்பகுதியைக் கழற்றியபின் மொழி வேண்டுமே!

டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 2021இல் விரிவாக்கிய அகராதியில் 10,000 சொற்கள் காணொளியாக இருக்கின்றன. யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம்.

அம்மா மட்டும் கற்றால் போதாது. அப்பா, அப்பத்தா, தாய்மாமன், கூட விளையாடும் பிள்ளைகள் எல்லோரும் உட்காருங்கள். முதலில் அவரவர் பெயருக்கு ஒரு சைகை. அடுத்து, ‘ஏன்?’ என்று அவள் கேட்பதற்கான சைகை.