பதினான்கு மாதமும் ஒரு சனி ஞாயிறும்

கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் மருமான், கைபேசியில் எண் கட்டங்களை நகர்த்தி விளையாடிக்கொண்டிருந்தான். "இது த்ரீஸ்தானே?" என்றேன், எனக்கும் இதெல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இது 2048, மாமா. த்ரீஸ் இதைப் பார்த்துக் காப்பியடிச்சது."

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஓர் எண் விளையாட்டுக்காக ஒரு மனிதன் தூக்கம் கெடுவானா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

த்ரீஸ் 2014 பிப்ரவரியில் வெளிவந்தது. அதை வடிவமைத்தவர்கள் ஆஷர் வோல்மர், கிரெக் வோல்வெண்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள். நாலுக்கு நாலு கட்டம். ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று. அப்புறம் மூன்றோடு மூன்று, ஆறோடு ஆறு என்று ஒத்த எண்களே சேரும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் இந்த 'இவ்வளவுதா'னுக்கு வந்து சேர அவர்களுக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. நடுவில், வெறும் எண்கள் போதாதென்று சதுரங்கக் காய்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஜப்பான்காரர்களின் சூஷியை வைத்துப் பார்த்தார்கள். எதுவும் சரிப்படாமல் எண்களுக்கே திரும்பினார்கள். கதை எழுதுகிறவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். நாற்பது பக்கம் எழுதி, முப்பத்தாறைக் கிழித்துப் போட்டு, மிச்சமுள்ள நாலும் ஒரே மூச்சில் எழுதியதுபோல் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்துவிட்டாலோ ஆபத்து. 'இதை நானே எழுதியிருப்பேனே!' என்று எல்லோருக்கும் தோன்றிவிடும்.

சில வாரங்களுக்குள் 1024 என்று ஒன்று முளைத்தது. அதையும் அதுபோன்ற வேறொன்றையும் பார்த்துவிட்டு, காப்ரியேலே சிருல்லி என்ற பத்தொன்பது வயது இத்தாலியப் பையன் மார்ச் மாதம் ஒரு சனி ஞாயிறில் 2048-ஐச் செய்து முடித்தான். த்ரீஸுக்குக் காசு, இது இலவசம். உலகம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமா? அந்த மாதம் முடிவதற்குள், த்ரீஸ்தான் நகல் என்று சிலர் சொல்லும் நிலைமை வந்துவிட்டது. செய்தவர்கள் பொறுக்கமாட்டாமல், உருவாக்கும் காலத்தில் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களைச் சுமார் 45,000 வார்த்தைக்கு அப்படியே வெளியிட்டார்கள்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், அமெரிக்காவில் விளையாட்டின் விதிக்குப் பதிப்புரிமை கிடையாது, தோற்றத்துக்குத்தான் உண்டு. 2012-இல் டெட்ரிஸ் வழக்கில் நகல் செய்தவர்கள் தோற்றது, கட்டைகளின் உருவத்தையும் பலகையின் அளவையும்கூட விடாமல் எடுத்துக்கொண்டதால்தான். கெட்டிக்கார நகல்காரன் சட்டையை மாற்றிவிடுவான்.

அந்தப் பையனைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. செய்தபோது த்ரீஸைப் பற்றி அவனுக்குத் தெரியாதாம். தான் எழுதிய நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

என் தூக்கம் கெட்ட காரணத்துக்கு வருகிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு தையற்காரரைப் பற்றிக் கதை எழுதினேன். ஒரு சிறுவனுக்காகத் தைத்த சட்டையை யாரும் வந்து வாங்கவில்லை. பையன் வளர்ந்திருப்பானே என்று அவர் வருஷா வருஷம் அதைப் பிரித்துப் பெரிதாக்கி வைக்கிறார். முடிவு அகப்பட எனக்கு எட்டு மாதமாயிற்று. பிறகு அதே சட்டை ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்து எல்லோரையும் அழவைத்தது. என் தொகுதி அப்புறம்தான் வெளிவந்தது. ஒரு வாசகி எழுதினார்: "சீரியலில் பார்த்ததையே எழுதியிருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?"

த்ரீஸ்காரர்களைப் போலவே நானும் சாட்சியம் தேடினேன். பரணிலிருந்து பழைய நோட்டுப் புத்தகங்களை இறக்கித் தேதிகளைக் குறித்துக்கொண்டு, நாலு பக்கத்துக்குக் காரமாகப் பதில் எழுதினேன். அப்போதுதான் ஒரு நோட்டின் முதல் பக்கம் கண்ணில் பட்டது. என் கையெழுத்துத்தான். 'ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னது. சட்டையைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாராம்.'

அந்தப் பெரியவரை நான் அடியோடு மறந்திருந்தேன். பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. வாசகிக்கு எழுதிய பதில் இன்னும் அந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது.

மருமான் ஊருக்குப் புறப்படும் முன், அவன் கைபேசியில் காசு கொடுத்து த்ரீஸை இறக்கிக் கொடுத்தேன். பஸ் ஏறும்வரை தலை குனிந்து நகர்த்திக்கொண்டிருந்தான்.

"இது கஷ்டமா இருக்கு, மாமா" என்றான்.